யாவ்லினின் கடைசி அச்சு

"யாவ்லினைக் கொன்னுடுங்க ஐயா. வேற வழியே இல்லை!"

எழுத்தாளர் ஃபாங் பேனாவைக் கீழே போட்டார். யாவ்லின், ஷாங்காய் முழுக்கக் கண்ணீரும் கம்பலையுமாக வாசிக்கும் அவருடைய தொடர்கதையின் கதாநாயகி. கொல்லச் சொன்னவன், அதே மாலைப் பத்திரிகையின் அச்சுக்கோப்பவன் டெங்.

"விளையாடறியா? அவ செத்தா வாசகிங்க என்னை ஹுவாங்பூ ஆத்துல தூக்கிப் போட்டுடுவாங்க!"

"அவங்க பேருல வர்ற முதல் எழுத்து தீர்ந்துபோச்சுங்க. அது வேற எந்தச் சொல்லுக்கும் வராதுன்னு பதினெட்டு ஈய அச்சுதான் வெச்சிருந்தோம். நூறு நாளா நீங்க 'யாவ்லின், யாவ்லின்'னு உருகி உருகி எல்லாம் தேஞ்சு போச்சு."

"சொல்லுக்கு ஒரு எழுத்துன்னு சுவர் முழுக்க ஏழாயிரம் சீன எழுத்து அடுக்கி வெச்சிருக்கீங்க, என் பொண்ணுக்கு மட்டும் பஞ்சமா? புதுசா வார்க்கச் சொல்லுய்யா!"

"பத்து நாள் ஆகும். இன்னிக்கு ரெண்டு மணிக்கெல்லாம் உங்க கதைப் பக்கம் மெஷின்ல ஏறணும்."

"சரி, பேர் சொல்லாம 'அவள்'னே எழுதறேன்."

"கதையில ஏழு பொண்ணுங்க இருக்காங்க. எந்த அவள்?"

ஃபாங் தலையைப் பிடித்துக்கொண்டார். டெங் குரலைத் தாழ்த்தினான்.

"ஒரே ஒரு அச்சு முழுசா இருக்குங்க. ஒரு தடவை பேரைச் சொல்லலாம்."

"ஒரு தடவை சொல்லி என்னய்யா பண்றது?"

"சாகடிக்கலாமே!"

ஃபாங் மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினார். இருமி இருமி யாவ்லின் செத்துப்போனாள். தாளை நீட்டியவர் டெங்கை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ ஏன்யா இப்படி இளைச்சுக் கிடக்கே?"

"நூறு நாளா ராத்திரிச் சாப்பாடு, பழைய சோத்துல வெந்நீர்தாங்க" என்று சொல்லிவிட்டு டெங் ஓடினான்.

மாலை ஆறு மணிக்கு அவன் தன் சந்துக்குள் நுழைந்தபோது, சட்டைப்பையில் பதினேழு ஈய அச்சுகள் கலகலத்தன. ஒன்றுகூடத் தேயவில்லை. சாயங்காலமானால் பத்திரிகையும் கையுமாக உட்கார்ந்து, அடுப்புப் பக்கமே போகாத மனைவி இனிமேல் சமைத்துத்தானே ஆகவேண்டும்! நாக்கைச் சப்புக்கொட்டியபடி கதவைத் தள்ளினான்.

உள்ளே ஊதுபத்தி புகைந்தது. மனைவி தலையில் துக்கத்துக்கான வெள்ளைப் பூ.

"யாவ்லின் போயிட்டாங்க!" என்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "நாப்பத்தொன்பது நாள் துக்கம் முடியற வரைக்கும் இந்த வீட்டுல அடுப்பே எரியாது!"