முகம் பொருந்தவில்லை

கடைவாய்ப் பற்கள் இரண்டைப் பிடுங்கிய மூன்றாம் நாள், தமயந்தியின் வலது கன்னம் கண்ணை மறைக்கும் அளவுக்கு வீங்கியிருந்தது. பனியன் கம்பெனி வாசலில், முகம் பார்த்து வருகை பதியும் மிஷினில் இரண்டு தடவை சிவப்பு விளக்கு எரிந்தது.

“ரெண்டு நாள் லீவு குடுத்தாச்சு. இன்னிக்கும் ஆப்சென்ட் விழுந்தா உனக்கு வேலை இல்ல,” என்றான் சூப்பர்வைசர் கதிரவேல்.

“நான்தான்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?”

“எனக்குத் தெரிஞ்சு என்னத்துக்கு? அந்த மிஷினுக்குத்தான தெரியோணும்! வீக்கத்த உள்ள அமுக்கிட்டு நில்லு.”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தமயந்தி இரண்டு விரலால் கன்னத்தை அழுத்தினாள். வலி காதுக்குள் பாய்ந்தது. உதட்டோரம் ரத்தம் கசிந்தது. பச்சை விளக்கு எரிந்தது.

“வணக்கம், பூங்கோதை,” என்றது மிஷின்.

சிரிப்பு பட்டென்று நின்றது. பூங்கோதை, போன மாதம் கதிரவேல் மீது போலீசில் புகார் கொடுத்தவள். மறுநாளிலிருந்து அவளை யாருமே பார்க்கவில்லை.

கதிரவேல் வயரைப் பிடுங்கி எறிந்தான். முகம் வெளுத்திருந்தது. “நீ உள்ள போ, தமயந்தி. உன் பேர நானே எழுதிக்கறேன்.”

அவள் நகரவில்லை. ரத்தத்தைத் துடைக்கவும் இல்லை.

“எந்தத் தமயந்திங்க?” என்றாள்.