எந்த முழங்கால்?

"எந்த முழங்கால் சார்?"

வக்கீலுக்குச் சுர்ரென்று ஏறியது. காலையிலிருந்து இதே கேள்வி. அட்மிஷனில் கேட்டார்கள், எக்ஸ்ரே எடுத்தவர் கேட்டார், இப்போது நர்ஸ்.

"வலது! இந்த ஆஸ்பத்திரியில ஒருத்தர்கிட்ட சொன்னா இன்னொருத்தர் காதுக்குப் போகவே போகாதா?"

"கேக்கணும் சார்" என்று சிரித்துக்கொண்டே நகர்ந்தார் நர்ஸ்.

வக்கீல் மனைவியிடம் பொரிந்து தள்ளினார். "பாத்தியா லட்சணத்தை? எந்தக் காலுன்னே தெரியாம கத்தியைத் தீட்டிக்கிட்டு இருக்காங்க."

"கொஞ்சம் சும்மா இருங்க. டாக்டருங்க மேல கேஸ் போடறதே உங்க பொழப்புன்னு இங்க எல்லாருக்கும் தெரியும். நீங்க கத்தற கத்தலுல அவங்க கை நடுங்கிடப் போகுது."

உண்மைதான். தப்பான சிகிச்சை என்று யார் அழுதுகொண்டு வந்தாலும் வழக்கை எடுப்பவர் அவர். 'டாக்டர்னா வாயைப் பொத்திக்கிட்டு நிக்கணுமா? கேளுங்க. கேக்கறது உங்க உரிமை' என்று கட்சிக்காரர்களுக்கு வகுப்பே எடுப்பார். தன்னை யாராவது திருப்பிக் கேட்டால்தான் பிடிக்காது.

ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது மயக்க மருந்து டாக்டர் குனிந்தார். "எந்த முழங்கால் சார்?"

"வலது, வலது, வலது!"

ஆபரேஷன் தியேட்டருக்குள் சர்ஜனே வந்து நின்றார். "சொல்லுங்க சார், எந்த முழங்கால்?"

அந்த நேரம் பார்த்து வக்கீலுக்குள் இருந்த வக்கீல் விழித்துக்கொண்டார். குறுக்கு விசாரணையில் வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாகச் சொல்லி, சாட்சி திருத்துகிறாரா தலையாட்டுகிறாரா என்று பார்ப்பது அவர் பழக்கம். இவர்கள் நிஜமாகவே காதில் வாங்குகிறார்களா, இல்லை ஒப்புக்குக் கேட்டு வைக்கிறார்களா? பார்த்துவிடலாமே.

"இடது" என்றார்.

சர்ஜன் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் மயக்க மருந்து டாக்டரைப் பார்த்தார்.

வக்கீல் தலையைத் தூக்கி மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஐயோ, நன்றாக இருக்கிற காலை அறுத்துவிடுவார்களோ? அறுத்தால் கேஸ் போடலாம், கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கலாம். ஜெயித்து? தீர்ப்பைக் கேட்க எந்தக் காலால் நடந்து போவது? தன்னைப் போல ஒரு அதிமேதாவி கட்சிக்காரராக வந்திருந்தால் வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்.

"டாக்டர், வலது! சத்தியமா வலது! சும்மா சோதிச்சுப் பாத்தேன்!"

சர்ஜன் கையுறையைக் கழற்றினார். "மன்னிச்சுக்கோங்க சார். பதில் மாறிட்டா அன்னிக்கு ஆபரேஷன் கிடையாது. எல்லாத்தையும் முதல்லேருந்து சரிபார்த்துட்டு நாளைக்குத்தான்."

"அதான் வலதுன்னு சொல்லிட்டேனே! ராத்திரியிலேருந்து பச்சைத் தண்ணிகூட குடிக்காம கிடக்கறேன். இப்படி ஒரு கேணத்தனமான ரூலை எந்த முட்டாள்யா போட்டான்?"

ஆளுக்கு ஆள் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் நர்ஸ்தான் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார்.

"நீங்கதான் சார். பத்து வருஷம் முன்னாடி, கண்ணை மாத்தி ஆபரேஷன் பண்ணின கேஸ்ல, நஷ்டஈடு மட்டும் போதாது, இனிமே ஒவ்வொருத்தரும் நோயாளியைக் கேட்டே ஆகணும், பதில் மாறினா கத்தியைத் தொடவே கூடாதுன்னு, எல்லா ஆஸ்பத்திரிக்கும் சேர்த்து நீங்க வாதாடி வாங்கின உத்தரவு சார் அது."