ஐயத்துக்குரிய இடங்கள்

மானிட குலம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டிய செய்தி: கழிமுகத்து அலையாத்திக் காட்டில் ஐயத்துக்குரிய இடங்கள் ஒரே ஆண்டில் மும்மடங்காகிவிட்டன.

அறிவித்தவர் ஆய்வு மையத்தின் இயக்குநர். பருவநிலை மாற்றத்தின் கோர முகம் என்றார். கருத்தரங்கில் கைதட்டினார்கள். முந்திரி பக்கோடா கொடுத்தார்கள்.

மூன்றாவது வரிசையில் இருந்த அவள் மட்டும் கைதட்டவில்லை.

அந்த ஐயமெல்லாம் அவளுடையது.

செயற்கைக்கோள் படத்தைத் திரையில் விரித்து, இது காடு, இது சேறு, இது தண்ணீர் என்று நிறம் பிரிப்பது அவள் வேலை. புரியாத இடத்தில் ஒரு மஞ்சள் புள்ளி வைக்க வேண்டும்.

புள்ளி வைத்தால், அந்த இடத்துக்கு ஒருவன் நடப்பான்.

கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, அங்கேயே நின்று, குனிந்து ஒரு படம் எடுத்து அனுப்புவான். ஒரு மரத்தின் தூர். இடம் காட்டும் கருவி. முட்டிவரை சேறு பூசிய இரண்டு கால்கள்.

முகம் விதிமுறையில் இல்லை.

முகத்தை அவள் ஒரே ஒரு நாள் பார்த்திருக்கிறாள். பயிற்சிக்குப் போனபோது சேறு அவள் செருப்பை விழுங்கியது. அவன் முழங்கைவரை கையை விட்டுத் துழாவி எடுத்துக் கொடுத்தான்.

"பத்து நிமிஷம் ஒத்தக் கால்லயே நின்னீங்களே மேடம். கொக்கு தோத்துது போங்க."

அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு ஐயம் வர ஆரம்பித்தது.

அப்பட்டமான காட்டின்மேல் மஞ்சள் புள்ளி. பிறகு இன்னொன்று. படங்கள் வந்தன. இடது பாதம் கொஞ்சம் திரும்பியிருந்தால், அன்றைக்கு வேலை ஓடாது.

கருத்தரங்குக்கு மறுநாள் துணிந்துவிட்டாள். அவனுக்குப் போகும் அலுவலக மின்னஞ்சலின் அடியில் ஒரு வரி சேர்த்தாள்.

'அன்று என் செருப்பைத் தேடிக் கொடுத்தீர்களே, நினைவிருக்கிறதா?'

மாலைக்குள் பதில் வந்தது.

"அது முன்ன இருந்த அண்ணனா இருக்கும் மேடம். எம் பேரு வீரையன். நான் சேந்து எட்டு மாசம் ஆவுது. மேலேர்ந்து எவனோ சந்தேகம் சந்தேகம்னு நடக்க உட்டே கொல்றான்னு சொல்லி, அவரு வேலய உட்டுட்டாரு. கால்ல சேத்துப்புண்ணு வேற."

அவளுடைய கணினியில், வேறு யாரும் திறக்காத ஒரு கோப்பில், நூற்றுப் பத்துப் படங்கள் இருந்தன.

எண்பது, வீரையனின் கால்கள்.