இருநூற்றுப் பதினான்காம் நம்பர்

"மேடைக்கு வாங்க கேப்டன்! ஒளிஞ்சுக்கிட்டா விட்டுடுவோமா?"

சாயங்காலப் பரிசளிப்பு விழாவில் அறிவிப்பாளர் மெத்ஹத் மைக்கில் கத்தியதும் கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்துக் கைதட்டியது. கடைசி வரிசையில் இருந்த நாதிர் இன்னும் கொஞ்சம் குனிந்து உட்கார்ந்தான்.

எகிப்தின் சொக்னா கடற்கரையில் வருடா வருடம் நடக்கும் டிரையத்லான் அது. முதலில் கடலில் நீச்சல், பிறகு மலையோரச் சாலையில் சைக்கிள், கடைசியில் கொளுத்தும் வெயிலில் ஓட்டம். கெய்ரோவில் வாரமெல்லாம் நாற்காலி தேய்க்கும் வக்கீல்களும் பாங்க் மானேஜர்களும் இங்கே வந்தால் கேப்டன்கள். யாருக்கும் யார் பேரும் தெரியாது, எல்லோரும் கேப்டன்தான். நாதிர் பல் டாக்டர். நாற்பது வயதுக்காரர்கள் பிரிவில் முதல் மூன்று பேரில் ஒருவனாக மேடையேற வேண்டும் என்று வருடக்கணக்கில் தவம் கிடக்கிறவன். இன்று நான்காவதாக வந்திருந்தான்.

"நாலாவதா வந்தவருக்கு எதுக்கு மேடைன்னு கேக்கறீங்களா?" மெத்ஹத் விடுவதாக இல்லை. "சைக்கிள் ரோட்டு வளைவுல, அலெக்ஸாண்ட்ரியாக்காரர் ஒருத்தர், எஹாப்னு பேரு, மணல்ல சறுக்கி விழுந்துட்டாரு. இடுப்பெலும்பு முறிஞ்சு போச்சு. மத்தவன்லாம் வாட்சைப் பாத்துக்கிட்டே பறந்துட்டான். ஆம்புலன்ஸ்ல ஏத்தறப்போ அந்த மனுஷன் ஒரே ஒரு நம்பரத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாராம். இருநூத்திப் பதினாலு! அது யாரு? நம்ம நாதிர்! நிக்காமப் போயிருந்தா இன்னிக்கு மூணாவது இடம் இவருக்குத்தான்!"

"நான் ஒண்ணும் பண்ணலீங்க," என்றான் நாதிர்.

"பாத்தீங்களா! பெரிய மனுஷன்னா இப்படித்தான் இருப்பான்!"

கைதட்டல் இரண்டு மடங்கானது. மனைவி ரீஹாம் அவன் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். "புது மாப்பிள்ளை மாதிரி வெக்கப்படாதே. போ நாதிர்."

மேடையில், மூன்றாவதாக வந்தவன் தன் மெடலைக் கழற்றி நாதிரின் கழுத்தில் போட்டுவிட்டான். "இது உங்களோடது கேப்டன்." நாதிருக்குக் காது மடல் எரிந்தது. அவமானத்தில் முகம் சிவந்ததைக் கூட்டம் அடக்கம் என்று எடுத்துக்கொண்டது.

கீழே வந்ததும் ரீஹாம் அடுத்த குண்டைப் போட்டாள். "சூயஸ் ஆஸ்பத்திரிக்குப் போறோம். அவருக்கு ஆபரேஷன் முடிஞ்சு நினைவு வந்துடுச்சாம். உன்னப் பாக்கணும்னு அவரே கேட்டாராம்."

"இன்னிக்கு வேணாமே. அசதியா இருக்கு."

"உயிரக் காப்பாத்தினவன் ஒரு வார்த்தை விசாரிக்க வேணாமா? வழியில ஸ்வீட் கடையில பஸ்பூஸா வாங்கிக்கலாம்."

காரில் அவள் போனைத் தடவிக்கொண்டே வந்தாள். "நீ ஓடி முடிச்ச போட்டோ ஒண்ணுலயாவது உன் நம்பர் தெரியுதான்னு பாரு. சைக்கிள விட்டு இறங்கினதும் இடுப்புல கட்டின நம்பர் பெல்ட்ட முதுகுப் பக்கத்துலேர்ந்து முன்பக்கம் திருப்பிக்கணும்னு எனக்கே தெரியும். வழியெல்லாம் 'கேப்டன், நம்பரு, நம்பரு'ன்னு கத்தினாங்க. உன் காதுல விழல?"

"மறந்துட்டேன்."

"பாவம், விழுந்தவரோட நெனப்பாவே ஓடியிருப்பே."

அது மட்டும் சத்தியமான வார்த்தை. நாதிர் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தான். "ரீஹாம், அந்த வளைவுல என்ன நடந்துச்சுன்னா..."

"ஐயோ, ரத்தக் கதையெல்லாம் சொல்லாதே. எனக்கு மயக்கமே வந்துடும்."

தொண்டை வரை வந்ததை அவன் விழுங்கிக்கொண்டான். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதியை நினைத்து அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் எஹாபின் மனைவி ஓடி வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "நீங்கதானா டாக்டர்? எம் புள்ளைங்களுக்கு அப்பாவத் திருப்பிக் குடுத்துட்டீங்க. உங்க கை நல்லா இருக்கணும்."

நாதிர் தரையைப் பார்த்தபடி நின்றான். அது அப்படியே பிளந்து தன்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. "அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா. நான் ஒண்ணும் பண்ணல."

"எவ்வளவு தங்கமான மனுஷன்!" என்று அவள் ரீஹாமிடம் சொல்லி மறுபடி அழுதாள். ரீஹாமுக்குப் பெருமை பிடிபடவில்லை.

உள்ளே எஹாப் அசையாமல் படுத்திருந்தான். கன்னமெல்லாம் தார் உரசிய சிராய்ப்பு. நாதிரைப் பார்த்தான், அவன் கழுத்தில் தொங்கிய மெடலைப் பார்த்தான். கழற்ற மறந்துபோனது நாதிருக்கு அப்போதுதான் உறைத்தது.

"எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க," என்றான் எஹாப். "கேப்டன்கிட்ட தனியாப் பேசணும்."

கதவு சாத்திக்கொண்டது. நாதிர் அவசர அவசரமாக மெடலைக் கழற்றிக் கைக்குள் மூடிக்கொண்டான். "நீங்க ரெஸ்ட் எடுங்க. வலியில நம்பர் ஏதாவது மாறிப்போயிருக்கும். வேற யாராவது..."

"மாறல கேப்டன். இருநூத்திப் பதினாலு. நல்லாப் பாத்தேன்." எஹாப் மெதுவாக மூச்சு வாங்கினான். "சைக்கிள் ஓட்டறப்போ நம்பர் எந்தப் பக்கம் இருக்கும்?"

நாதிரின் கை தானாகத் தன் பின்னிடுப்புக்குப் போயிற்று.

"கையத் தூக்கிக் கூப்பிட்டேன். என்னைப் பாத்துட்டுத்தான் போனீங்க. நான் நன்றி சொல்லல கேப்டன். ஆம்புலன்ஸ் வந்ததுலேர்ந்து உங்க மேல புகார்தான் குடுத்துக்கிட்டிருக்கேன்."