எவன் கை வைத்த காடி?

"காலை எடு, காலை எடு! பிஸ்டன் உருகிடப் போவுது!"

குணாளன் போட்ட கத்தலில் அவன் மனைவி மாலினி சட்டென்று பெடலிலிருந்து காலை எடுத்தாள். பட்டறையின் சோதனை உருளைகளின் மேல் நின்ற இடத்திலேயே பறந்துகொண்டிருந்த வெள்ளைக் கார் இருமி அடங்கியது.

"மறுபடியும் அதே கதையா?" என்றாள் ஜன்னல் வழியாக.

"அதேதான். டர்போ காத்தை அள்ளித் திணிக்குது, அதுக்கு ஏத்த பெட்ரோல் எண்ணெ வந்து சேர மாட்டேங்குது. மெதுவா ஓட்டினா பரம சாது. அழுத்தி மிதிச்சா பிரஷர் பொத்துன்னு விழுந்துடுது. காலையிலேருந்து என் உயிரை வாங்குது சனியன்!"

பெட்ரோல் ஃபில்டரை மாற்றியாயிற்று. இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கழுவி மாட்டியாயிற்று. வயர்களில் கரண்ட் சரியாக வருகிறதா என்றும் பார்த்தாயிற்று. ஒன்றும் பலிக்கவில்லை.

காரின் சொந்தக்காரன் நவின் சிங்கப்பூரிலிருந்து எல்லை தாண்டி ஜொகூருக்கு வந்தவன். ஐஸ் மைலோவை உறிஞ்சி முடித்துவிட்டு, எதிர் வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே கண்ணாடிச் சுவரோடு புதிதாக முளைத்த கார் பட்டறை, குணாளனின் சிங்கப்பூர் வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டுவிட்டது. "இவனும் போயிட்டான்னா கடையை மூடிட வேண்டியதுதான்" என்று காலையில்தான் மாலினி அழாத குறையாகச் சொல்லியிருந்தாள்.

"அண்ணே, நாளைக்குக் காலையில ரேஸ். முடியலைன்னா சொல்லிடுங்க, எதிர்க்கடையில கேட்டுப் பாக்குறேன்."

"முடியலைன்னு யாரு சொன்னா? உக்காரு தம்பி!" குணாளன் ஸ்பேனரை மேஜையில் அடித்து வைத்தான். "எனக்கு முன்னாடி இந்தக் காடியில எவன் எவன் கை வெச்சான்?"

"போன மாசம் வாங்கினதுலேருந்து மூணு கடை ஏறி இறங்கிட்டேண்ணே."

"மூணு பேர் கையையும் முறிக்கணும். கண்டவனும் ஸ்பேனரைத் தூக்கிட்டு வந்துடுறான்!"

மாலினி இறங்கி வந்தாள். "கோச்சுக்காதீங்க. டேங்க்ல எண்ணெ இருக்கான்னு பாத்தீங்களா?"

"முள்ளு முக்காவுல நிக்குறது உன் கண்ணுக்குத் தெரியலையா? இருபது வருஷமா இதே தொழில் பண்றேன், எனக்கே பாடம் எடுக்கிறியா?"

நவின் சிரித்துவிட்டான். "முக்கா டேங்க் இல்லாம எங்க ஊரு எல்லை கேட்டைத் தாண்ட முடியுமாக்கா? இங்க மலிவா ஊத்திக்கப் போறான்னு அபராதம் போட்டுத் திருப்பி அனுப்பிடுவான் லா. நான் முள்ளை இறங்கவே விட மாட்டேன். முக்காவுக்குக் கீழே லேசா அசைஞ்சா போதும், உடனே ஊத்திக்குவேன்."

"கேட்டுக்கிட்டியா?" என்று மனைவியைப் பார்த்து உறுமினான் குணாளன். "மிச்சம் இருக்கிறது பம்ப் ஒண்ணுதான். டேங்கைத் திறந்துட வேண்டியதுதான்."

பின்சீட்டைத் தூக்கி வெளியே போட்டான். மூடியைக் கழற்றினான். டார்ச்சை அடித்து உள்ளே எட்டிப் பார்த்தவன், மறுபடியும் குனிந்து பார்த்தான்.

"என்னங்க?"

"காலி!"

டேங்கின் அடியில், பம்பின் வாயை நனைக்கும் அளவுக்குத்தான் பெட்ரோல் கிடந்தது. மெதுவாகப் போகும்போது அது போதும். அழுத்தி மிதித்தால் பம்ப் உறிஞ்சுவதெல்லாம் வெறும் காற்று. காரில் ஒரு கோளாறும் இல்லை.

அப்படியானால் முள் எப்படி முக்காலில் நிற்கிறது? குணாளன் அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனான். கம்பளத்துக்கு அடியில், பழைய டேப் சுற்றிய இடத்தில், அரிசி அளவுக்கு ஏதோ ஒன்று பற்றவைக்கப்பட்டிருந்தது.

காலையிலிருந்து அடக்கி வைத்த ஆத்திரமெல்லாம் ஒரேயடியாகப் பொங்கிவிட்டது.

"பாத்தியா திருட்டு வேலையை! டேங்க் காஞ்சு கிடந்தாலும் முள்ளு முக்காவைக் காட்டணுமாம், கேட்டுக்காரனை ஏமாத்த! இதனால ஒரு நாள் பொழப்பு போச்சு. தம்பி, இந்த வேலையைப் பண்ணின வெளங்காதவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும், செருப்பாலேயே அடிப்பேன்!"

நவின் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே... காடிய எனக்கு வித்த அங்கிள் ஒண்ணு சொன்னாரு. முன்னாடி இது நீலக் கலரா இருந்துச்சாம். இதுல ஒரு ரகசிய வேலை பண்ணியிருக்கு, இத்தனை வருஷமா கேட்டுல ஒருத்தனாலயும் கண்டுபிடிக்க முடியலைன்னாரு. என்ன வேலைன்னு மட்டும் சொல்லல. ஆனா அதைச் செஞ்சவரு ஜொகூர்ல குணாளன்னு ஒருத்தரு, அப்பேர்ப்பட்ட கைக்காரன் வேற கிடையாதுன்னு சொன்னாரு. அதான் உங்களைத் தேடி வந்தேன்!"