எலும்புப் பொம்மைப் படம்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் சிக்னல் கிடைக்கும் ஒரே வளைவில், தூறலுக்குக் குடை பிடித்தபடி ஜெயராசா கைபேசியைப் பார்க்கிறார். பொம்மைகளை இம்மியிம்மியாக நகர்த்திப் படமெடுக்கும் இயக்குநர் ஒருவரைப் பாதிப்பேர் கொண்டாடுகிறார்கள், மீதிப்பேர் திட்டித் தீர்க்கிறார்கள். அவருடைய புதுப்பட முன்னோட்டத்தில், எலும்புப் பொம்மையொன்று இல்லாத கூந்தலை வாரிக்கொள்கிறது. மகள் நிரோஜாவும் பள்ளிக்கூட நாளில் அவர் படங்களைப் பார்த்துக் களிமண்ணில் எலும்புக்கூடுகள் செய்து, இப்படித்தான் போனில் படம் பிடித்தாள். “நல்ல நாளும் அதுவுமா வீட்டுல பொணமா?” என்று தீபாவளியன்று அத்தனையையும் மழைநீர் ஓடும் கானில் கொட்டியவர் இவர்தான். இப்போது கொழும்பில் வேலை செய்யும் அவளைப் போனில் அழைக்கிறார். தையல் இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் வருகிறது. “பாப்பா, ஒன் ஆளு படம் அடுத்த மாசம் வருதாம். வாறியா, சேந்து பாப்போம்?” “ஒங்களுக்குத்தான் அது புடிக்காதேப்பா?” “இப்பப் புடிச்சிருக்கு” என்கிறார். “அன்னைக்கே புடிச்சிருக்கலாமேப்பா” என்கிறாள், கோபமே இல்லாமல்.