பந்தலுக்கு வந்த சாம்பல்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வங்கி தனக்கு எதிரான போராட்டத்தைத் தொடங்கியது. வாசலில் பந்தல் போட்டு, மோர்ப் பானையும் வைத்திருந்தார்கள். "நிலக்கரிக்குக் கடன் கொடுக்காதே!" என்று ஓர் ஆள்பிடி ஏஜென்சி தினக்கூலிக்கு அனுப்பியவர்கள் முழங்கினார்கள். எதிர்ப்பு இல்லாத வங்கிக்கு அரசு பசுமைச் சான்றிதழ் தருவதில்லை. அதனால் எல்லா வங்கிகளிலும் ஓர் எதிர்ப்புப் பிரிவு இருந்தது. இங்கே அதன் மேலாளர் தயாபரன்.

பந்தலின் ஓரத்தில் புதிதாக ஒரு பெண் நிற்பதைத் தயாபரன் கவனித்தார்.

"ஏஜென்சி அனுப்புச்சுதா அக்கா?"

"நானேதான் வந்தேன் சார். பேரு தேசம்மா. கரண்ட் ஆலை பக்கத்துல குப்பம். இன்னொரு ஆலை வருதாம், உங்க பேங்க்குதான் கடன் குடுக்குதாம். வேணாம்னு சொல்லுங்க சார். என் பொண்ணால மூச்சு வுட முடியல."

அவள் பையிலிருந்து சிறுமியின் பள்ளிச் சட்டை ஒன்றை எடுத்தாள். வெள்ளைச் சட்டைதான். நேற்று கொடியில் காயப்போட்டது என்றாள். உதறினாள். வங்கியின் படிகளில் சாம்பல் கொட்டியது.

முழக்கம் நின்றுவிட்டது. கூலிக்கு வந்தவர்களில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தயாபரன் கைதட்டினார்.

"பாத்துக்கோங்கப்பா, இப்படிப் பண்ணணும். நீங்களும்தான் கத்துறீங்களே!" பிறகு தேசம்மாவிடம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ரொம்பத் தத்ரூபமா இருக்குக்கா. இந்தச் சாம்பல எந்தக் கடையில வாங்குனீங்க?"